நீக்குங்கள், ஆனால் சொல்லிவிட்டு நீக்குங்கள்: இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கும் தேர்வுக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரிய நிர்வாகிகளுக்கும், தேர்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 அக்டோபரில் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமிக்கும் உங்களுக்கும் நடந்த பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். அதைப் பேச்சு என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஆஸ்திரேலியா செல்லும் ஒருநாள் அணியில் அவர் பெயர் இல்லை. அவருடைய உடல்தகுதி பற்றித் தகவல் எதுவும் வரவில்லை என்று குழுத் தலைவர் சொன்னார். உடல்தகுதி பற்றித் தகவல் கொடுப்பது என் வேலையில்லை, ரஞ்சிக் கோப்பையில் நான்கு நாள் ஆட முடிகிறவனால் ஐம்பது ஓவர் ஆட முடியாதா என்று ஷமி செய்தியாளர்களிடம் கேட்டார். பதிலுக்குத் தலைவர், அவரோடு நான் பலமுறை பேசியிருக்கிறேன், என்னிடமே கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று ஒரு மேடையில் சொன்னார். ஒரு போன் காலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், இரண்டு மைக்குகள் வழியாக நாடு முழுக்கப் போனது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு கேட்கவில்லை. 2023 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்துவிட்டு, உள்ளே வந்த ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்தவர் அவர். அப்புறம் கணுக்கால் அறுவை சிகிச்சை, ஓராண்டுக்கு மேல் ஓய்வு, திரும்பி வந்து 2025 சாம்பியன்ஸ் டிராபியில் ஒன்பது விக்கெட். அப்படிப்பட்டவருக்குத் தன் நிலை என்ன என்பது பத்திரிகையாளர் கேள்வியிலிருந்துதான் தெரிய வேண்டுமா?

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவரை எடுப்பதும் நீக்குவதும் உங்கள் உரிமை. நீக்கும்போது காரணத்தை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், திரும்பி வர என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், இனி வழியில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சொன்னது என்ன என்று ரசிகர்களுக்கும் நாலு வரியில் தெரிவியுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. உங்கள் வாரியத்திலேயே நடந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் இலங்கைத் தொடருக்கு ரஹானேவையும் புஜாராவையும் எடுக்காதபோது, அன்றைய தேர்வுக் குழு அதை வெளிப்படையாகச் சொன்னது: இந்த இரண்டு டெஸ்ட்களுக்கு உங்களைக் கணக்கில் எடுக்கவில்லை, கதவு மூடவில்லை, போய் ஆடி ரன் எடுங்கள். புஜாரா என்ன செய்தார்? இங்கிலாந்தில் சசெக்ஸ் கவுண்டி அணிக்குப் போனார். அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் நான்கு சதம், அதில் இரண்டு இரட்டைச் சதம். அந்த ஜூலையிலேயே எட்ஜ்பாஸ்டனில் இந்தியாவுக்கு ஆடி 66 எடுத்தார். டிசம்பரில் சட்டோகிராமில் 90, அடுத்த இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 102. ரஹானேவும் 2023 டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டிக்குத் திரும்பி வந்து, மற்றவர்கள் தடுமாறிய ஓவல் ஆடுகளத்தில் 89 அடித்தார். வழி எது என்று தெரிந்ததால்தான் இரண்டு பேராலும் அந்த வழியில் நடக்க முடிந்தது.

அதே புஜாராவின் இரண்டாவது நீக்கத்தைப் பாருங்கள். அந்த ஓவல் இறுதிப்போட்டிக்குப் பிறகு வெஸ்ட் இண்டீஸ் தொடருக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. 2024 ஜனவரியில் ஜார்க்கண்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 243 எடுத்தார். முதல்தர கிரிக்கெட்டில் இருபதாயிரம் ரன்னைக் கடந்தார். ஒவ்வொரு அணி அறிவிப்பின்போதும் என்னைப் போன்றவர்கள் பட்டியலில் அவர் பெயரைத் தேடினோம். இரண்டு ஆண்டுகள் இப்படியே போய், 2025 ஆகஸ்ட் 24 அன்று ஓய்வை அறிவித்தார். 103 டெஸ்ட், 7195 ரன். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் கடைசி நாளில் கம்மின்ஸும் ஹேசல்வுட்டும் தோளிலும் விரலிலும் ஹெல்மெட்டிலும் மாற்றி மாற்றி அடித்தபோது, 211 பந்து நின்று 56 எடுத்த மனிதர். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, இளைஞர்களைத் தயார் செய்ய வேண்டும் என்று 2023-இலேயே முடிவெடுத்திருந்தால் அது நியாயமான முடிவுதான். அதை அன்றே அறிவித்திருந்தால், அவரும் நாங்களும் அந்த இரண்டு ஆண்டுகளைக் காத்திருப்பில் கழித்திருக்க மாட்டோம்.

கருண் நாயர் கதை இன்னும் நீளம். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303. அடுத்த டெஸ்டில் இடமில்லை, ரஹானே குணமாகி வந்துவிட்டார். அது புரிகிறது. ஆனால் 2018 இங்கிலாந்துத் தொடரில் அவர் அணியிலேயே இருக்க, தொடரின் பாதியில் வந்து சேர்ந்த விஹாரிக்கு ஓவலில் அறிமுக வாய்ப்பு கிடைத்தது. அடுத்த தொடரில் அவர் பெயரே இல்லை. என்னிடம் யாரும் பேசவில்லை என்றார் கருண். நானே பேசினேன் என்றார் அப்போதைய குழுத் தலைவர். ஏழு ஆண்டு கழித்து ஷமி விஷயத்திலும் இதே வசனங்கள். ஆட்கள் மாறிவிட்டார்கள், பழக்கம் மாறவில்லை.

அப்புறம் கருணுக்கு கர்நாடக அணியிலும் இடம் போனது. 2022 டிசம்பரில், அன்பான கிரிக்கெட்டே, எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடு என்று ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். முச்சதம் அடித்த ஒருவர் எந்த மனிதரிடமும் கேட்க வழியில்லாமல் ஆட்டத்திடமே கேட்கிறார் என்பதுதான் அன்று என்னை உலுக்கியது. விதர்பாவுக்குப் போனார். 2024–25 விஜய் ஹசாரே தொடரில் 779 ரன், அந்த சீசனில் ரஞ்சிக் கோப்பை. எட்டு ஆண்டுக்குப் பிறகு, 2025 இங்கிலாந்துத் தொடரில், லீட்ஸில் மறுபடி இந்தியத் தொப்பி. முதல் இன்னிங்ஸில் பூஜ்யம்.

அந்தத் தொடரில் அவருக்கு அரைசதம் ஒன்றுதான், ஓவலில் 57. அதன் பிறகு வெஸ்ட் இண்டீஸ் தொடருக்கு அவரை எடுக்காதபோது, அவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தோம் என்று தலைவர் நேரடியாகச் சொன்னார். அந்தப் பதிலை நான் மனமார மதிக்கிறேன். கருணுக்கு வலித்திருக்கும், எனக்கும் வலித்தது. ஆனாலும் அது ஒரு காரணம். 2018-இல் கிடைக்காதது 2025-இல் கிடைத்தது. அந்த நேர்மையை ஏன் எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது?

திரும்பி வருவது என்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருண் சக்கரவர்த்தி 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டத்தில் ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. பாகிஸ்தானிடம் தோற்ற கோபம் முழுக்க அவர் தலையில் விழுந்தது. மூன்று ஆண்டு இந்திய அணியின் பக்கமே வரவில்லை. அந்த மூன்று ஆண்டில் அவர் தன் பந்துவீச்சையே பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். பக்கவாட்டில் சுழன்ற பந்தை மேலிருந்து உருட்டிவிடும் சுழலாக மாற்றினார். பேட்ஸ்மேனுக்கு பந்து தரையில் பட்டதும் எதிர்பார்த்ததைவிட வேகமாக எழும்பத் தொடங்கியது. 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு ஐந்து விக்கெட். ஒரு சுழற்பந்து வீச்சாளர் முப்பது வயதில் தன் கையின் பழக்கத்தை மாற்றுவதென்றால் எத்தனை ஆயிரம் பந்து யாரும் பார்க்காத வலையில் வீசியிருப்பார்! அந்த உழைப்புக்கு இலக்கு என்ன என்பதை முன்கூட்டியே சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

வேகப்பந்து வீச்சாளர் நடராஜனுக்கு அது சொல்லப்பட்டதா? வலைப்பயிற்சியில் பந்துபோட ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமானார். பிறந்த மகளைப் பார்க்காமல் அங்கேயே இருந்து, பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். 2021 மார்ச்சுக்குப் பிறகு அவரை நீல உடையில் பார்க்க முடியவில்லை. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்துவிட்டு நின்றாரே, அப்போது அவரிடம் என்ன குறை என்று யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம். வேகம் போதவில்லையா, உடல் ஐம்பது ஓவரைத் தாங்காதா, வேறு இடதுகை ஆட்கள் முந்திவிட்டார்களா? எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம். காரணம் தெரியாத இடத்தில்தான் சாதியும் மாநிலமும் சிபாரிசும் காரணமாக வந்து உட்காருகின்றன. சமூக வலைத்தளத்தில் ஒவ்வொரு அணி அறிவிப்புக்குப் பிறகும் ஓடும் அந்த அசிங்கத்தை நிறுத்த உங்களிடம் இருக்கும் ஒரே மருந்து வெளிப்படையான பதில்.

பெண்கள் அணியிலிருந்தும் ஒன்று. 2025 உலகக் கோப்பையில் இங்கிலாந்து ஆட்டத்துக்கு ஜெமிமாவை வெளியே வைத்தார்கள். அடுத்த ஆட்டத்தில் திரும்பி வந்து 76, அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127, இரண்டிலும் ஆட்டமிழக்கவில்லை. 339 என்ற இலக்கை நவி மும்பையில் துரத்தி முடித்ததும், அந்தத் தொடர் முழுக்கப் பதற்றத்தில் தவித்ததையும் அழுததையும் அவரே எல்லார் முன்னாலும் சொன்னார். அணியில் இடமே இல்லாமல் இருந்த ஷஃபாலி, தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா காயமடைந்ததால் அழைக்கப்பட்டு, இறுதிப்போட்டியில் 87 ரன்னும் இரண்டு விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகி ஆனார். வெளியே வைக்கப்பட்டவர் முடிந்துபோனவர் என்று நினைத்துப் பேசாமல் விடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சறுக்கல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 18, கொழும்பு, வங்கதேசத்துக்கு எதிராக நிதாஹாஸ் கோப்பை டி20 இறுதிப்போட்டி. இந்தியாவுக்கு 18 பந்தில் 35 வேண்டும். முஸ்தாபிசுர் பந்து போட, விஜய் சங்கர் வரிசையாக நான்கு பந்தைத் தொட முடியாமல் விட்டார். ஓவர் முடியும்போது 12 பந்தில் 34. தினேஷ் கார்த்திக் உள்ளே வந்தார், தனக்கு முன்னால் வேறொருவரை அனுப்பிய வருத்தத்தோடு. ரூபெல் ஓவரில் முதல் பந்து சிக்ஸர், அந்த ஓவரில் மொத்தம் 22. கடைசி ஓவரில் ஐந்தாவது பந்தில் விஜய் சங்கர் தூக்கி அடித்துக் கேட்ச் ஆனார். பந்து மேலே இருக்கும்போதே இரண்டு பேரும் கடந்து ஓடிவிட்டதால் கடைசிப் பந்துக்குக் கார்த்திக் எதிர்கொள்ளும் முனைக்கு வந்தார். ஐந்து ரன் வேண்டும். சௌமியா சர்க்காரை எக்ஸ்ட்ரா கவர் மேல் தட்டையாக ஒரு சிக்ஸர். எட்டுப் பந்தில் 29.

2004-இல் அறிமுகமாகி, தோனி காலத்தில் வந்து வந்து போய்க்கொண்டிருந்த கார்த்திக்குக் கிடைத்த இரவு அது. சந்தோஷத்தில் நாங்கள் கத்தித் தீர்த்தோம். அதே இரவில் விஜய் சங்கரை நாடே கிண்டல் செய்தது. அவருடைய வலியைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு அவரை உலகக் கோப்பைக்கு எடுத்தீர்கள், ராயுடுவை விட்டுவிட்டு. பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என்று மூன்று பரிமாணம் உள்ளவர் என அன்றைய தலைவர் ஒரு சொல் சொன்னார். அந்த ஒரு சொல் இரண்டு பேரையும் காயப்படுத்தியது. உலகக் கோப்பையைப் பார்க்க முப்பரிமாணக் கண்ணாடி ஆர்டர் செய்திருப்பதாக ராயுடு கிண்டலாக எழுதினார். விஜய் சங்கர் எங்கே போனாலும் அந்தச் சொல் கேலியாகப் பின்னாலேயே வந்தது. பாகிஸ்தானுக்கு எதிராக, புவனேஷ்வர் காயத்தால் பாதியில் விட்ட ஓவரை வாங்கி, உலகக் கோப்பையில் தான் வீசிய முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கை எல்பிடபிள்யூ ஆக்கியவர் அவர். அது யாருக்கும் நினைவில்லை. காத்திருப்புப் பட்டியலில் இருந்த ராயுடுவைத் தாண்டி மயங்க் அகர்வாலை அழைத்ததும், இரண்டே நாளில் ராயுடு ஓய்வை அறிவித்தார். சில வாரத்தில் திரும்பப் பெற்றார், ஆனால் இந்தியாவுக்கு மறுபடி ஆடவில்லை. கோபத்தில் எடுத்த அந்த முடிவுக்கு முன்னால் யாராவது அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால்?

ஓய்வு என்று வந்துவிட்டால் பேச்சு உடனே வழியனுப்பு ஆட்டம் பக்கம் போய்விடுகிறது. எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. இந்தியாவுக்காக ஆடும் இடம் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. யுவராஜ் 2019-இல் ஓய்வு பெறும்போது சொன்னதை நினைத்துப் பாருங்கள். யோ-யோ என்ற உடல்தகுதித் தேர்வில் தேறாவிட்டால் கடைசியாக ஓர் ஆட்டம் கிடைக்கும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும், தேறாவிட்டால் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பதில் சொன்னதாகவும், பிறகு தேர்விலேயே தேறிவிட்டதாகவும் சொன்னார். புற்றுநோயிலிருந்து எழுந்து 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் மறுபடி மட்டை பிடித்தவருக்கு இரக்கத்தில் ஓர் ஆட்டம் எதற்கு? லக்‌ஷ்மண் 2012-இல் நியூசிலாந்துத் தொடருக்குத் தேர்வாகியிருந்தார், முதல் டெஸ்ட் அவர் சொந்த ஊர் ஹைதராபாத்தில். அதில் ஆடிவிட்டுப் போயிருக்கலாம். வேண்டாம் என்று அதற்கு முன்பே விலகினார். இவர்கள் கேட்டது மரியாதை மட்டும்தான்.

இங்கிலாந்தில் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனுக்கு நடந்ததைப் பாருங்கள். கேப்டன் ஸ்டோக்ஸும் பயிற்சியாளர் மெக்கல்லமும் நிர்வாக இயக்குநர் ராப் கீயும் மான்செஸ்டரில் அவரை நேரில் உட்கார வைத்து, இனி உங்களைத் தாண்டிப் போகிறோம் என்று சொன்னார்கள். அவருக்குப் போக மனசில்லை, இன்னும் ஆட முடியும் என்றே நம்பினார். ஆனால் 2024 ஜூலையில் லார்ட்ஸில் ஒரு டெஸ்ட், 704 விக்கெட்டோடு விடைபெறல், உடனே அணியிலேயே பந்துவீச்சு ஆலோசகர் வேலை. கசப்பான சேதிதான், ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நம் ஊரில் டிராவிட் பயிற்சியாளராக இருந்தபோது விக்கெட் கீப்பர் சாஹாவிடம் அப்படிப் பேசினார். சாஹா அதை வெளியே சொல்லி வருத்தப்பட்டபோதும், வீரர்களுக்கு உண்மையைச் சொல்வது என் கடமை என்ற நிலையிலேயே டிராவிட் நின்றார். அது எனக்கு அன்றும் சரி என்று பட்டது, இன்றும் சரி என்றே படுகிறது.

அஸ்வின் விஷயம் தமிழ் ரசிகர்களுக்கு ஆறாத ஒன்று. 2024 ஆஸ்திரேலியத் தொடரில் பெர்த்தில் வெளியே, அடிலெய்டில் உள்ளே, பிரிஸ்பேனில் மறுபடி வெளியே. பெர்த் வந்து சேர்ந்தபோதே அவருடைய ஓய்வு முடிவைக் கேள்விப்பட்டதாகவும், அடிலெய்டு பகலிரவு டெஸ்ட் வரையாவது இருக்கச் சொல்லித் தடுத்ததாகவும் கேப்டன் ரோஹித் சொன்னார். 2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன் டெஸ்ட் டிராவில் முடிந்ததும் ரோஹித்தோடு வந்து உட்கார்ந்தார், சில வாக்கியங்கள் பேசினார், கேள்வி வேண்டாம் என்று எழுந்து போனார். தொடர் 1–1, இன்னும் இரண்டு டெஸ்ட் பாக்கி. மறுநாள் ஊர் திரும்பினார். 106 டெஸ்ட், 537 விக்கெட், ஆறு சதம். இந்திய டெஸ்ட் வரலாற்றில் அவருக்கு மேலே கும்ப்ளே மட்டும்தான். அதற்கடுத்த மே மாதம் ஐந்து நாள் இடைவெளியில் ரோஹித்தும் கோலியும் இன்ஸ்டாகிராமில் டெஸ்டிலிருந்து விடைபெற்றார்கள். ஐந்தே மாதத்தில் ஒரு தலைமுறையே போய்விட்டது. அவர்களாகவே எடுத்த முடிவாக இருக்கலாம், மதிக்கிறேன். ஆனால் திட்டமிட்டு நடந்த தலைமுறை மாற்றமாக அது எங்களுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் நாங்கள் படித்ததெல்லாம் பெயர் சொல்லாத வட்டாரங்கள் கசியவிட்ட சேதி.

உங்கள் விதி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வெளிநாட்டு டி20 லீக்கில் ஆட வேண்டுமென்றால் நம் ஆண்கள் ஐபிஎல் உட்பட எல்லாவற்றிலிருந்தும் ஓய்வு பெற்றாக வேண்டும். கார்த்திக் அப்படித்தான் தென்னாப்பிரிக்கா போனார். அஸ்வின் 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கும் விடை சொன்னபோது, உலகின் மற்ற லீக்குகளைப் பார்க்கப் போவதாகத்தான் எழுதினார். ஐபிஎல்லைக் காக்க இந்த விதி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் முப்பத்தைந்து வயதைத் தாண்டி, இந்திய அணிக்கு இனி இல்லை என்று நீங்களே முடிவு செய்த ஒருவரையும் ஏன் கட்டிப்போட வேண்டும்? அவர்களுக்காவது தடையில்லாச் சான்று கொடுங்கள். ரஞ்சியில் இளைஞர்களுக்குப் பக்கத்தில் நின்று ஆட இன்னும் சிலர் மிச்சமிருப்பார்கள்.

அடுத்த அணி அறிவிப்பில் செய்யக்கூடியது சின்ன மாற்றம்தான். எடுத்தவர்கள் பட்டியலுக்குக் கீழே, கடந்த தொடரில் இருந்து இப்போது இல்லாதவர்கள் பெயரையும் போடுங்கள். காயமா, ஓய்வா, ஃபார்மா, வேறு ஆளைப் பார்க்கிறீர்களா என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி. அதை வெளியிடும் முன் அந்த வீரரிடம் குழுவிலிருந்து ஒருவர் பேசியிருக்க வேண்டும், பேசினோம் என்பதும் அந்த வரியில் இருக்க வேண்டும். அப்புறம் பேசினேன், பேசவில்லை என்ற சண்டைக்கே இடமிருக்காது.

முதலில் அபிமன்யு ஈஸ்வரனிடம் பேசுங்கள். 2022 டிசம்பரில் வங்கதேசத்துக்கு டெஸ்ட் அணியோடு அனுப்பினீர்கள். அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கு, இங்கிலாந்துக்கு. 2025 இங்கிலாந்துத் தொடரின் ஐந்து டெஸ்டிலும் அவர் வெளியேதான். அடுத்த தொடருக்கான அணியில் பெயரே இல்லை. முதல்தர கிரிக்கெட்டில் ஏழாயிரம் ரன்னுக்கு மேல் எடுத்த தொடக்க ஆட்டக்காரர் அவர். ஒரு டெஸ்ட் ஆடி சரியாக ஆடவில்லை என்று நீக்கப்படும் வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னும் எவ்வளவு ரன் வேண்டும், அல்லது வேறு என்ன வேண்டும் என்று இந்த வாரமே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்திய அணியின் ரசிகன் ஒருவன்